வெ.ச. இஞ்சினும் அத்தையின் நூற்றெட்டும்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாளே, பார்த்திருப்பீர்கள். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கரண்ட் இஞ்சின் நிற்கிற படம். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டி, பூச்செண்டு நீட்டி, "நம்ம ஊருக்கும் வந்துட்டு பாத்தீகளா" என்று எழுதித் தள்ளினீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அது புதிது இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முன்பே நம் ஊரில் கரண்ட் இஞ்சின் ஓடியது. அப்போது ரயில்வே மந்திரி நான்தான்.

சிரிக்க வேண்டாம். மூட்டுவலிக்கு வைத்தியம், பேரன் ஆடுகிற வீடியோ, காலை வணக்கம் இவற்றுக்கு நடுவே ஒரு நாளைக்கு என் கதையையும் படியுங்கள். உங்களில் பாதிப் பேர் அந்த வருடம் என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் நான் மூன்று நாள் சேர்ந்தாற்போல் பள்ளிக்கூடம் வரவில்லை. வயிற்றுப்போக்கு என்று டீச்சரிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். அது பொய். இத்தனை வயதுக்கு மேல் அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அத்தைக்கு ஒரே மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன். அத்தை வீட்டுக் குளியலறைச் சுவரில் ஈரம் கசிந்து ஓதம் ஏறியிருந்தது. மே மாத லீவில் ஒருநாள் மதினி அந்த ஓதத்தின் விளிம்பைக் கரித்துண்டால் சுற்றி வரைந்தாள். வரைந்து முடித்து விலகி நின்று பார்த்தால், நம் பூகோளப் புத்தகத்தில் இல்லாத ஒரு நாடு. மேற்கே வளைகுடா, தெற்கே வால்போல நீண்ட தீபகற்பம், எல்லாம் இருந்தது. ஓதநாடு என்று பெயர் வைத்தோம். கறுப்பாகப் புள்ளி விழுந்திருந்த இடம் தலைநகரம், பூஞ்சைப்பட்டி. சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்த இடம் காரைபெயர்ந்தான். சோப்பு வைக்கிற மாடம் ஜங்ஷன்.

"செவத்துல கரியைத் தேச்சியோ, கைய ஒடிச்சிருவேன்" என்று அத்தை சத்தம் போட்டாள். ஆனால் மறுநாள் முதல் அவள் அந்தச் சுவரில் தண்ணீர் தெறிக்காமல் ஒருக்களித்து நின்று குளித்தாள். அத்தை அப்படித்தான். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும்.

நாடு இருந்தால் ரயில் வேண்டும். ரயில் என்றால் எங்களுக்கு மாமாதான். மாமா ரயில்வேயில் ஃபயர்மேன். தீயை அணைக்கிறவர் இல்லை, மூட்டுகிறவர். அப்போது விருதுநகருக்கும் தென்காசிக்கும் நடுவே ஓடியது மீட்டர்கேஜ் நீராவி வண்டி. அதில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுவது மாமாவின் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றிச் சலவைச் சோடா கரைத்த வாளியில் போடுவார். வாளித் தண்ணீர் உடனே மையாகிவிடும். முழங்கை வரைக்கும் பொரிப்பொரியாகத் தீப்பட்ட தழும்பு. அத்தை சோற்றுக் கற்றாழையைக் கீறி அதன் மேல் தடவுவாள்.

மாமா ஒருமுறை மெட்ராஸ் போய்வந்தார். தாம்பரத்தில் கரண்ட் இஞ்சினைப் பார்த்தாராம். அன்றைக்கு எங்களை உட்கார வைத்து அவர் சொன்னது இப்போதும் எனக்குக் காதில் கேட்கிறது.

"டிரைவர் வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் மருமவளே. நிக்கல, உக்காந்திருக்கான்! கரியும் இல்ல, பொகையும் இல்ல. காலையில போட்ட சட்டை சாயங்காலமும் வெள்ளையாத்தான் இருக்கு."

"கரி இல்லாம எப்படி மாமா ஓடும்?"

"தலைக்கு மேல கம்பி போவுது. இஞ்சின் ஒரு கைய நீட்டி அதப் புடிச்சுக்கிடும். புடிச்சுக்கிட்டே வரும்."

அன்றைக்கே ஓதநாட்டில் கரி இஞ்சினை ஒழித்தோம். எங்கள் புது இஞ்சின் வகைக்கு வெ.ச. என்று பெயர். வெள்ளைச் சட்டை என்பதன் சுருக்கம். நாற்பது பக்க நோட்டில் மதினி படம் போட்டாள், நான் விவரம் எழுதினேன். வெ.ச. வகை பயணிகளுக்கு மட்டும் உரியது, சரக்கு இழுக்காது. ஏனென்றால் சரக்கு வண்டியில் போனால் மாமா வீட்டுக்கு வரத் தாமதமாகும். சக்கரம் எட்டு. நிறம் நீலம், எங்களிடம் மிச்சம் இருந்தது அந்தப் பென்சில்தான். டிரைவருக்கு நாற்காலி உண்டு, பக்கத்தில் பானைத் தண்ணீர் உண்டு, டிரைவர் பெண்சாதி கூடப் போக விரும்பினால் அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. கூரை மேல் ஒரு கை. மாமா கை என்று சொன்னதால் மதினி நிஜமாகவே கை வரைந்திருந்தாள். ஐந்து விரல், நகம், மணிக்கட்டில் நான்கு கண்ணாடி வளையல். போன வாரப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "கையில வளையலக் காணுமேட்டி."

மொத்தம் பன்னிரண்டு இஞ்சின். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வெ.ச. 3 சுறுசுறுப்பு. வெ.ச. 5 கோபக்காரி, வழியில் மாடு நின்றால் ஊரே எழுந்திருக்கிறமாதிரி ஹாரன் அடிக்கும். வெ.ச. 7 நொண்டி, அது இருந்த பக்கத்தில் தாள் கிழிந்திருந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. எங்கள் தெரு பூராவும் விசைத்தறி. கரண்ட் போனால் தெருவே சட்டென்று வாயை மூடிக்கொள்ளும், அப்பா தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்து போஸ்டைப் பார்த்து நிற்பார். அப்பாவிடமே யோசனை கேட்டோம்.

"கரண்ட் போனா எவன் என்ன செய்ய முடியும்? வாரது வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார்.

அதையே சட்டமாக எழுதிக்கொண்டோம். கரண்ட் போனால் ஓதநாட்டில் எல்லா வண்டியும் நிற்கும், டிரைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டங்களில் இரண்டு முக்கியமானவை. இரண்டும் மாமாவிடம் கேட்டு எழுதியவை. ஒன்று: போகிற வண்டிக்கு ஒற்றைப்படை நம்பர், திரும்பி வருகிற வண்டிக்கு இரட்டைப்படை நம்பர். பூஞ்சைப்பட்டியிலிருந்து போனால் 1, அதே வண்டி திரும்பி வந்தால் 2. அடுத்து போனால் 3, வந்தால் 4. இரண்டு: வழியில் இஞ்சின் கெட்டுப்போனால் வேறு இஞ்சின் மாட்டலாம். இஞ்சின் மாறினாலும் வண்டி மாறாது. இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள், என் பிழைப்பே பின்னால் இதில்தான் தொங்கியது.

ஜூன் மாதம் மாமா ஒரு சேதியோடு வந்தார். டிரைவர் வேலைக்கு அவர் பெயர் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் மதுரைக்குப் போய்க் கண் டெஸ்டில் பாஸாக வேண்டும். பாஸானால் டிரைவர். இல்லையென்றால் இஞ்சினை விட்டே இறங்க வேண்டும். டெஸ்ட் ஆடித்தபசுக்கு மறுநாள்.

வீட்டில் ஒரே சந்தோஷம். அப்பா தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "எங்க மாப்பிள டிரைவராகப் போறாரு" என்று சொன்னார். மாமாவுக்கு மட்டும் உள்ளூரக் கலக்கம். அடுப்பு வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்து அவர் கண் மங்கியிருந்தது. அது அவருக்கும் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். அவருக்கு முன்னால் டெஸ்டுக்குப் போய்வந்த ஒருவர் அங்கே மாட்டியிருக்கிற போர்டில் என்ன எழுத்து எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். மாமா அதை மனப்பாடம் செய்தார். நானும் மதினியும் கேள்வி கேட்போம்.

"நாலாவது வரி மாமா?"

மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆறு எழுத்தையும் கடகடவென்று ஒப்பிப்பார். கண்ணை மூடிக்கொண்டே கண் டெஸ்டில் பாஸாகிறவர் எங்கள் மாமா ஒருத்தர்தான் என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். இதில் என்ன தப்பு என்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை, சின்னவர்கள் எங்களுக்கு எப்படித் தோன்றும்? அத்தை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைத் தட்டுகிற சத்தம்தான் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

ஆடி பிறந்தது. கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் இருக்கிற மாதம். கொடி ஏறியதும் நம் ஊர்ப் பெண்கள் ஆடிச்சுற்று சுற்றுவது உங்களுக்குத் தெரியும். கோயிலை நாம் சுற்றச் சுற்ற, அம்மனின் கால்வலியை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. அத்தை அந்த வருடம் நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டாள். தபசுக்குள் முடிக்க வேண்டும். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, அதனால் கேட்பதும் தப்பு. தவிர, கேட்க என்ன இருக்கிறது? மாமா டெஸ்டுக்குப் போகிறார், அத்தை சுற்றுகிறாள். மாமாவே நெகிழ்ந்துபோய், "எனக்காவ இவ காலு தேய நடக்கா" என்று அப்பாவிடம் சொன்னார்.

அதற்கு முந்தின வருடம் அத்தை முந்தியில் புளியங்கொட்டை முடிந்துவைத்துக்கொண்டு எண்ணினாள். கூட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து கொட்டை சிதறிவிட்டது. எத்தனை சுற்றினோம் என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த வருடம் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீதான் எந்நேரமும் நோட்டுல என்னத்தையோ எழுதிக்கிட்டே இருக்கியே. நான் சுத்துதத கணக்கு வச்சிக்கிடு. தப்பப்படாது, கேட்டியா?"

கிழக்குப் பக்கம் ஒரு தூணடியில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடத்தில் அந்தத் தூண் பூஞ்சைப்பட்டியாகிவிட்டது. கோயிலுக்கு மேற்கே பின்பக்கம் காரைபெயர்ந்தான். அத்தை என்னைத் தாண்டிப் போனால் 1-ஆம் நம்பர் வண்டி புறப்பட்டது. அவள் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்து சேர்ந்தால் 2-ஆம் நம்பர் வண்டி வந்தது. அடுத்து 3, அடுத்து 4. அன்றன்றைக்கு அத்தை நடக்கிற நடையைப் பார்த்து இஞ்சினை ஒதுக்கினேன். காலையில் வெ.ச. 3. கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் வெ.ச. 5. கால் வலித்து விந்தி வந்தால் வெ.ச. 7. கண்ணை மூடினால் அத்தையின் தலைக்கு மேல் வளையல் போட்ட ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவது தெரியும். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் அதற்குப் பிறகு செய்ததில்லை.

அத்தை ஒரு நாளைப்போல ஒரு நாள் சுற்ற மாட்டாள். சமையல் சீக்கிரம் முடிந்தால் ஏழு, எட்டு. சில நாள் மூன்றோடு சரி. தலையைக் குனிந்து, உதடு அசைய, தரையைப் பார்த்தே நடப்பாள். எட்டாம் நாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனையாச்சு மக்கா?"

நோட்டில் கடைசி நம்பரைப் பார்த்தேன். "நூத்தியெட்டு அத்தை."

"அதுக்குள்ளயா? பாதிதான் ஆயிருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றாள். பிறகு அவளே, "பிள்ள எழுதி வச்சது தப்புமா" என்று சொல்லிக்கொண்டு, சந்நிதிப் பக்கம் திரும்பி விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அவள் முகம் வேர்வையிலும் கண்ணீரிலும் நனைந்திருந்தது. அத்தை சாமி முன்னால் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். வருகிற வழியில் எனக்குக் கைநிறைய வளையல் வாங்கிப் போட்டாள்.

மதினிக்கு அப்போது கோயிலுக்கு வர முடியாத நாள். வீட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பொழுது போகாமல் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

"ஏட்டி, நூத்தியெட்டாம் நம்பர் வண்டி திரும்பி வந்துட்டுன்னா, எத்தனை வண்டி போயிருக்கு?"

"அம்பத்தி நாலு."

"அப்போ அம்மா எத்தனை சுத்து சுத்தியிருக்கா?"

நோட்டைப் பிடுங்கி முதலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நம்பர் போட்டிருந்தேன். நான் பிறகு முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன் என்பதை இந்த இடத்தில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

அத்தையிடம் சொல்லலாம் என்றால், அவள் கால் வீங்கிப் படுத்திருந்தாள். சொல்லாவிட்டால், மாமா டெஸ்டில் தோற்றுப்போவார், இஞ்சினை விட்டு இறக்கிவிடுவார்கள், அதற்குக் காரணம் நான். தபசுக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். மதினி அழவில்லை. அவள் அப்பாவின் வேலையல்லவா, அவள்தான் அழ வேண்டும். ஆனால் அவள் நோட்டைப் புரட்டிச் சட்டப் பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இஞ்சின் மாறினாலும் வண்டி மாறாது. நீதான எழுதியிருக்கே?"

"ஆமா."

"அம்மா இஞ்சின் நின்னு போச்சு. மிச்சத்துக்கு இன்னொரு இஞ்சின் மாட்டணும். நான் வர முடியாது. நீ இழு."

அதுதான் அந்த வயிற்றுப்போக்கு. மூன்று நாளும் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி நேரே கோயிலுக்குப் போனேன். முதல் நாள் இருபது சுற்று. தூணடியில் பையை வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு கோடு போட்டேன். போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றையும் ரத்து செய்தேன். வெயில் ஏறினால் கல் தரை காலைச் சுட்டது. பன்னிரண்டாவது சுற்றில் குதிகாலில் கொப்புளம் போட்டது. அம்மனின் கால்வலியை வாங்கிக்கொள்வது என்றால் என்ன என்று எனக்கு அப்போது நன்றாகவே புரிந்தது. நடக்க நடக்க, "மாமா பாஸாகணும், டிரைவராகணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். வேறு நினைப்பே வரவிடவில்லை.

இரண்டாம் நாள் ஏழாவது சுற்று முடிந்து கோடுகளை எண்ணினேன். இருபத்தேழு. கொப்புளம் உடைந்து எரிந்தது. ஓதநாட்டுச் சட்டப்படி இருபத்தேழு தடவை போய் இருபத்தேழு தடவை வந்தால் ஐம்பத்துநாலு. சட்டப்படி நான் அங்கேயே உட்கார்ந்துவிடலாம். மந்திரியே நான்தான், என்னை யார் கேட்பது? வெகுநேரம் தூணில் சாய்ந்து நின்றேன். அப்புறம் நடந்தேன். என் வாழ்க்கையில் நான் நேர்மையாக இருந்த இடங்களை எண்ணினால் அதை முதலில் வைப்பேன்.

அப்பாவின் தறியில் வேலை பார்க்கிற ஒருவர் என்னைக் கோயிலில் பார்த்துவிட்டார். அப்பாவிடம் போய்ச் சொன்னார். அடி விழும் என்று நினைத்தேன். அப்பா என் தலையைத் தடவி, "பிள்ளைக்கு இந்த வயசுலயே பக்தி வந்துட்டு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவோ திருவிழாக் கடைகளில் நான் எதையோ தின்றுவிட்டுத் திரிகிறேன் என்று நினைத்து இரண்டு நாள் எனக்குக் கஷாயம் கொடுத்தாள். இருவர் நினைத்ததும் தப்பு. ஒருத்தராவது என் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

தபசு அன்றைக்குக் காலையில் கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டு கடைசிச் சுற்றை முடித்தேன். கோடுகளை மூன்று முறை எண்ணினேன். ஐம்பத்துநாலு. மத்தியானம் அம்மன் சப்பரம் தபசு மண்டபத்துக்குப் புறப்பட்டபோது, அப்பா தோளில் என்னைத் தூக்கி வைத்துக் காட்டினார். வயலில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல் எல்லாவற்றையும் சனங்கள் சப்பரத்தின் மேல் வீசினார்கள். நான் வீச ஒன்றும் இல்லாமல் கும்பிட்டேன். வண்டி ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மாமா மதுரைக்குப் போனார். அதற்கும் மறுநாள் சாயங்கால வண்டியில் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது. அங்கே வேறு போர்டு மாட்டியிருந்ததாம். மாமா பழைய எழுத்துகளையே ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்திருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு முதலிலிருந்து சோதித்திருக்கிறார்.

"இஞ்சினுக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டான். ஃபெயிலு. ஆபீஸ் வேலை பாக்கலாமாம், அதுக்கு மட்டும் பாஸு. பார்சல் ஆபீசுல ஒக்கார வைப்பாங்களாம்" என்று மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"விடுங்க மாப்பிள" என்றார் அப்பா. அத்தை எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, தம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

இதற்கு மேல் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மதினியிடம்கூட. அத்தை சொல்லக்கூடாது என்றாள், சொல்லவில்லை. மாமா பார்சல் ஆபீசிலேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்று, தன் சாவாக நிறைவயதில் போனார். அத்தையும் போய் நான்கு வருடம் ஆகிறது. இனி யாருக்கும் வருத்தம் இல்லை. மதினி இதைப் படித்தால் படிக்கட்டும், அவளுக்கும் தெரிய வேண்டியதுதான்.

நான் அத்தையின் பின்னாலேயே போனேன். அவள் சாம்பலைத் தொட்டுத் தம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அத்தை, எல்லாம் என்னாலதான். நீங்க நூத்தியெட்டு சுத்தல. அம்பத்தி நாலுதான்."

"என்னட்டி சொல்லுதே?"

ஒற்றைப்படை, இரட்டைப்படை, போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். அத்தை தம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனா மிச்ச அம்பத்தி நாலையும் நான் நடந்துட்டேன் அத்தை. சத்தியமா. பள்ளிக்கூடம் போவாம நடந்தேன். இஞ்சின் மாறினாலும் வண்டி மாறாதுன்னு மதினி சொன்னா. அப்படியும் மாமா ஃபெயிலாயிட்டாங்க."

அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள். என் காலைப் பிடித்துத் தூக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உடைந்து காய்ந்த கொப்புளங்களைச் சாம்பல் படாத புறங்கையால் தொட்டாள்.

"நடக்கையில என்ன நெனச்சு நடந்தே?"

"மாமா பாஸாகி டிரைவராகணும்னு."

அத்தை வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஃபெயிலாகணும்னு நடந்தேன்ட்டி."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"அந்த மனுசனுக்குத் தட்டுல கெடக்க ஊறுகாயே தடவித்தான் தெரியுது. எங்கனயோ நிக்க சிக்னல் தெரியப் போவுதா? பின்னால பெட்டி பெட்டியா சனம் இருக்கும், பிள்ளகுட்டி இருக்கும். பாக்காமலே படிச்சு பாஸாகப் போறாராம், உங்கப்பா தொடையத் தட்டிச் சிரிக்காரு. யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? சொன்னா, புருசன் பெரிய ஆளாவுதது இவளுக்குப் பொறுக்கலன்னுதான சொல்லுவாங்க? அதான் கோமதிகிட்ட போய்ச் சொன்னேன்."

அவள் கண்ணில் நீர் நின்றது. எனக்கு முழுவதும் புரியவில்லை. ஆனால் நான் யாருக்கும் கெடுதல் செய்துவிடவில்லை என்பது மட்டும் புரிந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என்னவோ தோன்றிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நான் ஃபெயிலாகணும்னு அம்பத்தி நாலு. நீ பாஸாகணும்னு அம்பத்தி நாலு. அவ என்ன செய்வா, பாவம்! இஞ்சினுக்கு ஃபெயிலு, ஆபீசுக்கு பாஸு!"

சாம்பல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீசை வைத்தமாதிரி முகமெல்லாம் சாம்பல். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கினோம்.

உள்ளேயிருந்து மாமா குரல் கேட்டது. "அங்கன என்ன சிரிப்பு? இங்கன ஒருத்தன் வேலை போயி உக்காந்திருக்கேன்."

"ஒண்ணுமில்ல, வாரேன். பிள்ள கணக்குல தப்புப் பண்ணிட்டா" என்று அத்தை சத்தமாகச் சொன்னாள். எழுந்தவள் என்னை இழுத்து, காதுக்குள் சொன்னாள்:

"நல்லவேளை மக்கா, நீ அம்பத்தஞ்சு நடக்கல."